களி ஆறும் முன்பு

அக்கா,

இன்று மாலை விழுப்புரம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை இறக்கி முடித்ததும் மேஸ்திரி ஒரு குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். "பாதிக் கூலி காசு, பாதி இது" என்றார். மூடியைத் திறந்ததும் புளித்த கேப்பை வாடை. உன் குடிசைக்குள் நுழைந்தது போல இருந்தது.

திண்டிவனத்துக்குத் தெற்கே, ஆண்டையின் நிலத்தில், ஆண்டை விட்டுவைத்த குடிசை அது. உலகச் சண்டை தொடங்கியதற்கு அடுத்த பொங்கலுக்கு நீ முதல் முறையாக, குடித்தால் போதை ஏறும் சுண்டக்கஞ்சி போட்டாய். கேப்பையை முளைகட்டி, காயவைத்து, இடித்து, களி கிண்டி, பழங்கஞ்சிக் கசடு கலந்து பானையைக் கட்டிவைத்தாய். வாயில் வைக்க முடியவில்லை.

"மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும் போலக்கீதே" என்று சிரித்தேன். நீ கோபப்படவில்லை. அடுத்த பானைக்கு முளையைக் குறைத்தாய், மற்றதைத் தொடவில்லை. அப்போதும் கடும்புளிப்பு. அதற்கடுத்து, களி நன்றாக ஆறிய பிறகே கசடைக் கலந்தாய்.

"ஒரு தடவைக்கு ஒண்ணத்தான்டா மாத்தணும். ரெண்ட மாத்தினா எது கெடுத்துச்சின்னு எப்டித் தெரியும்?"

அந்தப் பானையைக் குடித்ததும் என் கேலி நின்றுவிட்டது. ஆண்டைக்கும் ஒரு சொம்பு போனது. அதுதான் வினை. அறுப்புக் கூலியாக அளக்கும் கேப்பையில் பாதிக்குப் பதில் உன் கஞ்சியையே ஊற்றச் சொல்லிவிட்டார். ஆண்கள் களத்திலேயே குடித்துவிட்டுப் பாதிக் கேப்பையோடு வீடு போனார்கள். மீதி ஆண்டையின் குதிரிலேயே தங்கியது. எதிர்வீட்டு அஞ்சலை உன் வாசலில் வந்து நின்றாள்.

"நல்லாத்தான் போட்டுக்கினு கீற. என் புள்ளைங்களுக்கும் இதையே ஊத்தித் தூங்க வைக்கட்டுமா?"

நிறுத்திக்கொள்கிறேன் என்று ஆண்டையிடம் போய்ச் சொன்னாய். "நிறுத்திக்கோ. குடிசையும் பிரிச்சிக்கினு போ" என்றார். போக இடம் ஏது? கஞ்சி நன்றாக இருக்கும்வரை உனக்குக் கூரை, ஊருக்குப் பட்டினி.

அடுத்த பானைக்கு, களி கொதித்துக்கொண்டிருக்கும்போதே கசடைக் கொட்டினாய்.

"யக்கா, சூட்டுல கசடு செத்துடுமே, கஞ்சி கெட்டுடும்!"

"தெரியும்டா. சும்மா இரு."

களத்தில் முதல் வாய் குடித்தவன் துப்பினான். "இத ஆண்டையே குடிக்கட்டும். எங்களுக்குக் கேப்பையப் போடுங்க!" என்று கூச்சல் எழுந்தது. அன்று கூலியை முழுதாக அளந்தார்கள். அஞ்சலை மடி நிறையக் கேப்பையோடு போனாள்.

நல்ல கஞ்சியைக் குடித்துப் பழகிய ஆண்டைக்கு நீ செய்தது புரிந்துவிட்டது. ஆளை விட்டுப் பானைகளை உடைத்தார், கூரையைப் பிரித்துப் போட்டார். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. கேப்பை வாங்கிய அதே ஊர். நாம் கூட்டேரிப்பட்டு வழியாக நடந்தே விழுப்புரம் வந்தோம். ரயிலடிக்குப் பின்னால் சாக்குக் கூரைக்கு அடியில், அந்த மழைக்காலத்துச் சுரத்தில் நீ போய்விட்டாய்.

தப்பித்து வந்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன், அக்கா. இங்கே ஆண்டைக்குப் பெயர் மேஸ்திரி, அவ்வளவுதான். இந்தக் குடத்தைக் கெடுக்க என் கையில் கொதிக்கும் களியும் இல்லை.

என் முறை வந்தது. மேஸ்திரி சொம்பை நீட்டினார்.

"எனக்கு முழுசும் காசா குடுங்க" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "தொர வந்துட்டாரு!" என்றார் மேஸ்திரி. "பாதிக் காசுதான். வேணும்னா வாங்கு, இல்லன்னா நாளையிலருந்து இந்தப் பக்கம் வராத."

பாதிக் காசை வாங்கினேன். சொம்பை வாங்கவில்லை.

காலையில் மறுபடி அந்த மண்டி வாசலில்தான் போய் நிற்பேன். எனக்கும் வேறு இடமில்லை. ஆனால் இந்தத் தடவைக்கு ஒன்றை மாற்றியிருக்கிறேன், அக்கா. மற்றதைத் தொடவில்லை.