மூக்கைத் துளைத்து வந்த பல்

ஆனி 20, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. கடைத் தட்டிலிருந்த நேர்த்திக்கடன் தகடுகள் பறந்து ரதவீதி முழுக்கப் பாம்பும் தேளும். பொறுக்கி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

இன்று: தேள் தகடு அடிக்கும் அச்சைத் துடைக்க. ஈயம் உருக்க. ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் போகும் வேனுக்கு ராஜாமணி டீச்சரிடம் என் பெயர் சொல்ல.

சிவகிரி விவசாயி ஒருவர் போன வருடம் வாங்கிய பன்றித் தகட்டை உண்டியலில் போடாமலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கடலைத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி உழுது போட்டுவிட்டதாம். எது தொந்தரவோ அதன் உருவை அம்மனுக்குப் போட்டால் அது அண்டாது என்பதுதானே கணக்கு.

“அண்ணாச்சி, இது பன்னியா நாயா? நாய் வரக்கூடாதுன்னு வேண்டிட்டேன்னா தோட்டத்துக்கு யாரு காவல்?”

நியாயமான பேச்சு. அது அப்பா காலத்து அச்சு. எனக்கும் நாயாகத்தான் தெரியும்.

அண்ணன் உடனே, “ஆடித் தபசுத் திருவிழாவுக்குள்ள புது அச்சு வெட்டிருதேன் அண்ணாச்சி” என்கிறான்.

வெட்டிருதேனாம்! அப்பா போன பிறகு ஆறு வருடமாக இந்தக் கடையின் அச்செல்லாம் நான் வெட்டியது. உளியைப் பிடித்தால் கால் மணி நேரத்தில் அவனுக்குக் கோபம் வந்துவிடும். ஆனால் யார் கேட்டாலும் தன் கைவேலை என்றுதான் சொல்வான். “பொம்பள வெட்டுனதுன்னா எவன் வாங்குவான்?” என்பான். உள்ளே தட்டும் சத்தம் எலியா?

ஆனி 23, ஞாயிறு

திருவனந்தபுரம். மழை. குடை ஒன்று, ஆள் மூன்று. திரும்பும் வேனில் எழுதுவதால் கோழிக் கிறுக்கல்.

மிருகக்காட்சி சாலை. எல்லாரும் சிங்கத்துக்கு ஓடினார்கள். நான் பன்றிக் கூண்டுகளில் நின்றுவிட்டேன். அச்சு ஞாபகம்.

முதல் கூண்டில் ஆப்பிரிக்கப் பன்றி. முகத்தில் பெரிய பெரிய மரு. எங்கள் கோயிலுக்குக் கூட்டிவந்து மரு உதிர உப்பும் மிளகும் போடச் சொல்ல வேண்டும். தின்னும்போது முன்னங்கால் இரண்டையும் மடக்கி முட்டி போடுகிறது! தரையில் நெற்றி முட்ட நமஸ்காரம் செய்துகொண்டே தீனி. சிரித்துவிட்டேன்.

அடுத்த கூண்டு. ஏதோ கிழக்குத் தீவுப் பன்றி என்று பலகை. மயிர் இல்லை. சாம்பல் தோல், சுருக்கம். பன்றிக்கு இல்லாத ஒல்லிக் கால். இதெல்லாம் போகட்டும். மூக்குத் தண்டின் மேல் இரண்டு கொம்பு, பின்னால் வளைந்து நெற்றி வரை. கொம்பு என்றுதான் நினைத்தேன். தண்ணீர் ஊற்ற வந்த காவல்காரர் மலையாளத்தில் சொன்னார்: “கொம்பல்ல அம்மா. பல்லாணு.”

மேல் பல்! வாய் வழியாக வராமல் மேலே திரும்பி, தோலைப் பொத்துக்கொண்டு மூக்கின் மேல் வந்திருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். பல் வெளிவரும் இடத்தில் தோல் மோதிரம் போல் தடித்திருக்கிறது. பையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைந்தேன். அரை மணி நேரம். மழை பாதியை அழித்துவிட்டது.

வாய்க்குள் இரு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போல. சொன்னாலும் கேட்டிருக்காது.

ஆனி 25, செவ்வாய்

ஒருவரும் நம்பவில்லை.

மதினி: “பல்லு மூக்குக்கு மேலயா? பயணக் களைப்புட்டி உனக்கு.”

டீச்சரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். “நான் சிங்கத்துக்கிட்டல்லா நின்னேன்” என்கிறாள். சிங்கம் தூங்கியதாம். தூங்குகிற சிங்கத்தைப் பார்க்க அத்தனை மைல்!

ரேஷன் கடையில் சீனி இல்லை.

ஆனி 28, வெள்ளி

பன்றி அச்சு முடிந்தது. நான்கு நாள் வேலை. அச்சில் எல்லாம் எதிர்மாறு. வலம் இடமாகும், பள்ளம் தகட்டில் மேடாகும். அந்தத் தோல் மோதிரத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போயிற்று. கட்டைவிரலில் கொப்புளம். ஒத்திப் பார்த்தேன். அதே பன்றி. என்னை முறைக்கிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அண்ணன் பார்த்தான்.

“என்னட்டி இது? பன்னி வெட்டச் சொன்னா பேயை வெட்டி வச்சிருக்க! ஊரே சிரிக்கும். அந்தப் பல்லை அடைச்சிரு.”

“அடைக்க மாட்டேன். நான் பாத்தேன்.”

“பாத்தாளாம்! மதுரையில ஆளுட்ட சொல்லி வெட்டிக்கிடுதேன். நீ இனிமே உளியைத் தொடப்படாது.”

அச்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். நான் வெட்டிய நாற்பது அச்சும் உள்ளே. என் உளிகளும். அழவில்லை. அழுதால் அவனுக்குச் சௌகரியம்.

பன்றி அச்சு மட்டும் அரிசிப் பானைக்குள். அவன் அடுப்படிப் பக்கம் வரமாட்டான்.

ஆடி 2, வியாழன்

தபசுக் கொடியேற்றம். தெருவில் நடக்க இடமில்லை. மதுரை அச்சு வரவில்லை. வராது, அங்கேயும் திருவிழாக் காலம்.

அண்ணன் மத்தியானம் இறங்கி வந்தான். “எங்கட்டி வச்ச அந்த மூதியை?”

“தாரேன். ஆனா தபசு வரைக்கும் நானும் கடையில முன்னால உக்காருவேன்.”

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் நாலு வசவு வைதான். பிறகு சரி என்றான். ஆனால் சாவி தரவில்லை.

ஆடி 10, வெள்ளி

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

சிவகிரிக்காரர் மனைவியோடு வந்தார். புதுப் பன்றித் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “பல்லு மூக்கைப் பொத்துக்கிட்டு வருதே அண்ணாச்சி?”

அண்ணன் கொஞ்சமும் கூசாமல்: “நாந்தான் வெட்டுனேன். திருவனந்தபுரத்துல நேர்ல பாத்துட்டு வந்து வெட்டுனது.”

அந்த அம்மாள் விடவில்லை. “அப்படியா! இம்புட்டுப் பல்லை வச்சிக்கிட்டு எப்படித் திங்கும்?”

“அது… திங்கும்போது பல்லை மடக்கிக்கிடும்.”

சுற்றி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் பன்றியைப் பார்த்து அல்லவா சிரிக்கிறார்கள்! எழுந்துவிட்டேன்.

“பல்லு மடங்காது. வாய் கீழ இருக்கு, அதுபாட்டுக்குத் திங்கும். பாத்தது அண்ணன் இல்ல, நான். வெட்டுனதும் நான். இந்தத் தட்டுல கிடக்க எல்லாத்தையும் நாந்தான் வெட்டுனேன்.”

கொப்புளம் காய்ந்த கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அண்ணன் முகம் செத்துவிட்டது.

சிவகிரிக்காரர் மெதுவாகக் கேட்டார், “சரி தாயி. ஆனா எங்க தோட்டத்துக்கு வார பன்னி இது இல்லயே?”

அவருக்கு வேண்டியது அவர் பன்றி. நான் வெட்டியது என் பன்றி. பொய் சொல்லியிருக்கலாம். அண்ணன் சொன்ன பொய் போதாதா?

“இல்லய்யா. இது வேற நாட்டுது. உங்க பன்னியை நான் பாத்ததில்ல.”

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பாக்காம வெட்ட மாட்டியோ?”

“மாட்டேன்.”

“அப்போ வந்து பாரு. ஞாயிறு தபசு முடியட்டும், திங்கக்கிழமை வா. சாயங்காலம் வரப்புல உக்காந்தா கூட்டத்தோட வரும். எங்களுக்கு நீதான் வெட்டணும்.” பிறகு தட்டிலிருந்து என் பன்றி ஒன்றை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். “இதையும் போட்டுருதேன். இது வேற வந்துச்சுன்னா தாங்காது.”

மறுபடி சிரிப்பு. இந்த முறை நானும்.

அண்ணன் பக்கம் கையை நீட்டினேன். “சாவி.”

“வீட்டுல போயிப் பேசுவோம்.”

“இங்கனயே குடு.”

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கையை நான் இறக்கவில்லை.

ஆடி 13, திங்கள்

வானம் மூட்டம். பையில்: பென்சில் இரண்டு, நோட்டு, கட்டுச்சோறு. மதினி தானாகவே ஊறுகாய் வைத்தாள். அண்ணன் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான்.

காலையில் அவனுக்குத் தேள் அச்சு வேண்டியிருந்தது. மதினியிடம் சொல்லியனுப்பினான். வந்து கேட்கச் சொன்னேன். வந்தான். கேட்டான். திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சிவகிரி பஸ் வந்துவிட்டது.