செவலை அடையில் உட்கார்ந்த பத்தொன்பதாம் நாள்

சம்பந்தியம்மா,

அடைக்கோழி உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு வாடை வரும், உங்களுக்குத் தெரியாததில்லை. சூடேறின வைக்கோல், இறகு, கொஞ்சம் எச்சம். துணி துவைக்கிற கல் பக்கம் போனாலே இப்போது அந்த வாடைதான். செவலை அடையில் உட்கார்ந்து இன்றோடு பத்தொன்பது நாள். வயிற்றுக்குக் கீழே பதினோரு முட்டை. காலையிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். கிட்டே போனால் உடம்பு முழுக்க இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது. உங்கள் வளர்ப்பு, மரியாதை எங்கிருந்து வரும். உலையில் அரிசி போட்டது நினைவில்லாமல் அங்கே போய் நிற்கிறேன், திரும்பி வந்தால் சோறு குழைந்து கிடக்கிறது. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கையையாவது ஓர் இடத்தில் வைத்திருப்போம் என்று பேத்தியின் பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். நீங்கள் அஞ்சாவது என்று சொல்லிக் காட்டியது மறக்கவில்லை.

விஷயம் இதுதான். உங்கள் மகளும் என் மகனும் வீடு மாறுகிறார்கள். அடுக்குமாடியில் ஏழாவது மாடி, சொந்த வீடு. நல்ல சேதிதான், சந்தோஷம் என்று வாயைத் திறந்து சொன்னேன். அந்த வாயை மூடுவதற்குள் மகன் சொன்னான்: "கோழிய யாருக்காவது குடுத்துடும்மா. பால்கனியில கோழி வெச்சா அசோசியேஷன்ல நம்மளையே இறக்கி வுட்டுடுவாங்க." உங்கள் மகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாருக்காவது என்றால் யாருக்கு? தெருமுனைக் கறிக்கடைக்காரருக்குத்தான். அவர் இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் செவலையின் தொடையைத்தான் பார்ப்பார்.

செவலை அப்போது இரண்டு நாளாக அடைக்கு அலைந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலமே அன்னக்கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடிக்கு முட்டை கெடாமலிருக்க ஒரு கரித்துண்டும் ஆணியும் போட்டு, பதினோரு முட்டை வைத்து உட்கார வைத்துவிட்டேன். வீட்டுக்காரம்மாவின் சேவல் சுவர் தாண்டி வந்து போவதால் முட்டையில் குறை இருக்காது. "இருவத்தோரு நாளு கூடையை அசைக்கக் கூடாது" என்று மகனிடம் சொன்னேன். "வேணும்னே பண்றம்மா நீ" என்றான். வேண்டுமென்றேதான் செய்தேன். வீட்டுக்காரம்மா கன்னடத்தில் "இர்லி பிடி" என்றார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று. அதனால் சாமான் ஏற்றுகிற வண்டி வரும் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போனது. அதற்குள் குஞ்சு வெளியே வந்துவிடும். வந்த பிறகு அதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் எங்கே நிற்பேன் என்பதற்கு இன்று காலை வரைக்கும் பதில் இல்லை.

நீங்கள் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஷிஃப்டுக்குப் போகிற வீட்டில் பிள்ளையைப் பார்க்க நான் போதும் என்றுதான் இருந்தேன். என் முழங்காலைக் காரணம் காட்டி உங்களையும் வரவழைத்தார்கள். ஒரு பேத்திக்கு இரண்டு பாட்டி எதற்கு என்று அப்போதே எனக்குக் குத்தியது. நீங்கள் அருப்புக்கோட்டையிலிருந்து ஒயர் கூடையோடு வந்து இறங்கினீர்கள். கூடைக்குள்ளிருந்து ஒரு செந்நிறக் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு எங்கள் தெருவைப் பார்த்தது. இன்னும் முட்டைக்கு வராத வெடைக்கோழி என்று கொண்டு வந்தீர்களாம். விடியும் நேரத்தில் பஸ் தொப்பூர் மேடு ஏறும்போது கூடைக்குள்ளேயே முதல் முட்டை போட்டுக் கொக்கரித்ததாம். தூங்கிக்கொண்டிருந்த பஸ் மொத்தமும் எழுந்ததாம். அந்த முட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருந்து என் கையில் கொடுத்தீர்கள். "புடிங்க மதினி. ஒங்க வீட்டுக்கு வர்றோம்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு."

எங்கள் பக்கம் சம்பந்தியைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவோம், ஒரு முழம் தள்ளி நிறுத்தி. நீங்கள் வந்த காலோடு மதினி என்றீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தன்று பந்தியில் உங்கள் வீட்டு ஆளிடம் நீங்கள் சொன்னது என் காதில் இருந்தது. "இங்கிட்டு பூரா களிதான் திம்பாகளாம், நம்ம புள்ள எப்படி இருக்கப் போகுதோ." இலையில் மூன்றாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உங்களுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் பட்டு. எல்லாம் நினைவிருக்கிறது.

கூண்டு அடித்தோம். மகன் கம்பெனியிலிருந்து கொண்டு வந்த பேக்கிங் கட்டை. ஒவ்வொரு பலகையிலும் குடைப் படம், தம்ளர் படம், மேலே பார்க்கிற அம்புக்குறி. நான் பிடித்துக்கொள்ள நீங்கள் ஆணி அடித்தீர்கள். முடித்துப் பார்த்தால் எல்லா அம்பும் தரையைக் காட்டின. யார் தலைகீழாகப் பிடித்தது என்று இரண்டு நாள் சண்டை. அதோடு பேச்சு நின்றது. நின்றது என்றால், நேராகப் பேசுவது நின்றது. செவலையிடம் சொல்லுகிற சாக்கில் ஒருவருக்கொருவர் சாடை பேச ஆரம்பித்தோம்.

"ஏ செவலை, இந்த வீட்டு எசமானியம்மா இன்னைக்கு ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்காகன்னு கேளு."

"செவலை, வெங்காயத்த தோலோட அரியறவங்க வந்து சேர்ந்தா மொகம் அப்படித்தான் ஆவும்னு சொல்லு."

"தோலுலதான் சத்துன்னு அவுக ஊர்ல யாரும் சொல்லல போலருக்கு."

"அவங்க ஊர்ல சத்து இருந்தா இன்னாத்துக்கு இந்த ஊருக்கு வந்தாங்கன்னு கேளு."

செவலை நடுவில் ராகியைக் கொத்திக்கொண்டிருக்கும். கம்பெனி பஸ் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய், பேத்தி பள்ளிக்கூடம் போன பிறகு, நம் இரண்டு பேருக்கும் அந்த வீட்டில் வேறு பேச்சு ஏது. அதற்கு முந்தைய வருஷமெல்லாம் நான் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் மத்தியானம் எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது. செவலை வந்த பிறகு முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது என் பாதத்தின் மேல் வந்து உட்காரும். அது உங்கள் கோழி என்பதால் விரட்டுவேன். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் கூப்பிடுவேன்.

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படியே இருக்கிறது. தீனி தொடவில்லை.

உங்கள் கோழிக்குப் போட்டியாக நான் ராயக்கோட்டை சந்தையில் இரண்டு கருப்புக் கோழி வாங்கி வந்ததும் நினைவிருக்கிறது. அன்றைக்கு மட்டும் நேராகவே பேசினீர்கள். "புதுசு வந்தா பத்து நாள் தனியா அடைச்சுப் போடணும் மதினி." நான், "எங்க ஊரு கோழிக்கெல்லாம் நோவு வராது" என்றேன். அன்றே ஒன்றாக விட்டேன். ஒரு வாரத்தில் இரண்டும் கழுத்தைத் தொங்கப் போட்டு வெள்ளையாகக் கழிந்தன. இரண்டும் போய்விட்டன. செவலையை மட்டும் நீங்கள் வந்த மாதமே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டு வைத்திருந்தீர்கள், அது பிழைத்தது. நான் அப்பவே சொன்னேனே என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழி தோண்டி, இரண்டையும் போட்டு, மேலே சுண்ணாம்பு தூவி, கை கழுவிவிட்டு வந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தீர்கள். சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். சொல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இறகு விஷயத்தை இனிமேல் தள்ளிப் போட முடியாது.

ஒரு நாள் காலையில் எழுந்தால் உங்கள் பாய் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது. ஒயர் கூடை இல்லை. கண் ஆப்பரேஷனுக்கு ஊருக்குப் போய்விட்டதாக உங்கள் மகள் சொன்னாள். "செவலை அடைக்கு வர்ற மாதிரி இருக்காம், உக்காந்தா முட்டை வைக்கச் சொல்லுச்சு அம்மா. திரும்பி வர்றப்ப குஞ்சு இருக்கும்னுச்சு." சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் செவலை உட்கார்ந்தது. நான் முட்டை வைக்கவில்லை. அதைத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் இரண்டு முக்கு முக்கினேன். அதன் சிறகிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி, மூக்கில் குறுக்கே குத்தி விட்டேன். அடை கலைக்க எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அடை கலைய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மூக்கில் இறகோடு செவலை நீங்கள் வரும் வரைக்கும் தலையை உதறிக்கொண்டு திரிந்தது. களி என்று சொன்னீர்களே, அதற்கு இது என்று நினைத்துக்கொண்டேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்கள் திரும்பி வந்தீர்கள். குனிந்து செவலையைத் தூக்கி மடியில் வைத்து, இறகை மெதுவாக உருவி எடுத்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. "வலிச்சுதா?" என்று அதனிடம் கேட்டீர்கள். அது சாடை இல்லை, நிஜமாகவே கோழியிடம் கேட்டீர்கள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், முறம் நிற்கவில்லை. அதற்கப்புறம் செவலை அடைக்கு உட்காருவதற்குள், ஊர்க் கோயில் பொங்கலுக்கென்று போன இடத்தில் உங்களுக்கு நெஞ்சுவலி. நாங்கள் காரில் வந்து சேரும்போது உங்களைக் கிடத்தியிருந்தார்கள். உங்கள் கால்மாட்டில் நின்றேன், எல்லோரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. செவலைக்குத் தண்ணீர் வைத்தேனா இல்லையா என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை எழுதிவிட்டு நோட்டை மூடி எழுந்தேன். உங்கள் மகள் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தாள். நான் வெதுவெதுப்பான தண்ணீரை அகலப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். உயிர் இருக்கிற முட்டை இந்த நாளில் தண்ணீரில் விட்டால் ஆடும், இல்லாதது சும்மா மிதக்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றாமலே பக்கத்தில் குந்தினாள். நான் செவலைக்கு அடியில் கை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன், அது என் மணிக்கட்டைக் கொத்திப் புண்ணாக்கிவிட்டது. முதல் முட்டை அசையவில்லை. இரண்டாவது அசையவில்லை. மூன்றாவது நிதானமாக ஒரு ஆட்டம் ஆடியது. உள்ளே யாரோ புரண்டு படுத்த மாதிரி. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் என்று தெரியாது, அப்போது சொல்லிவிட்டேன். "உங்கம்மா கண் ஆப்பரேஷனுக்குப் போனப்ப இது மூக்குல இறகு குத்தி அடை கலைச்சது நான்தான்."

"தெரியும் அத்தை. அம்மா வந்த அன்னைக்கே சொல்லுச்சு."

"இன்னான்னு சொன்னாங்க?"

"'நான் மதினிகிட்ட சொல்லிக்காமக் கௌம்பிப் போயிட்டேன்ல, அந்தக் கோவம். ஆளில்லாத வீட்ல யார்கிட்டக் காட்டுவாக, கோழிகிட்டக் காட்டிட்டாக'ன்னு சிரிச்சுச்சு."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. கல்யாணத்துல களின்னு சொன்னதுக்கு" என்றேன்.

"எந்தக் களி?" என்றாள்.

அவளுக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது. சாம்பாரும் பட்டும் வரைக்கும் நினைவு வைத்திருந்தது நான் ஒருத்திதான். நீங்கள் சொன்னதுதான் நிஜம். சுருட்டின பாயைப் பார்த்த உடனே வந்த கோபம், அதற்குக் களி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பதினொன்றில் ஏழு ஆடின. துடைத்துத் திரும்ப வைத்தேன். கையைத் துணியில் ஒற்றிக்கொண்டே, வெள்ளிக்கிழமை வண்டியில் நான் ஏறப்போவதில்லை என்று சொன்னேன். ராயக்கோட்டை போகிற வழியில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டும், மற்றபடி தாங்கும். செவலையையும் குஞ்சுகளையும் எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன். "பேத்தியைப் பார்க்காம இருந்துடுவீங்களா அத்தை?" என்றாள். மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் போகிறேன். "அவர் ஒத்துக்க மாட்டாரு" என்றாள். "நான் அவனைக் கேக்கல, உன்கிட்டச் சொல்றேன்" என்றேன். கழுத்து அட்டையைக் கழற்றிக்கொண்டே, "குஞ்ச வச்சுக்கிட்டு பஸ்ல போகாதீங்க, லீவு போட்டு நான் கொண்டு வந்து விடுறேன்" என்றாள். அவளிடம் சொல்லிக்கொண்டேன், அது போதும்.

உங்களிடம் ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசியாக ஊருக்குக் கிளம்பின அன்று, வாசலில் ஆட்டோ நிற்க, நீங்கள் கூண்டுப் பக்கம் போய்க் குனிந்து, "ஏ செவலை, நான் ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்றீர்கள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னீர்கள். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டேன். கோழியிடம் சொன்னதற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அந்த இடத்திலேயே இன்னும் ஒரு நிமிஷம் நின்றீர்கள், ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் போயிட்டு வாங்க என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்று இப்போதும் நிச்சயமில்லை. மற்ற கோபத்தையெல்லாம் இந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன், சுமக்க முடியவில்லை. இந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போகிறேன். இதில் உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி.