கார் கண்ணாடிக்கு ஆடித் தண்ணீர்

அன்பு மகள் வானதிக்கு அப்பா எழுதுவது. உன் தம்பி மதிவாணன் கார் சாவியை என்னிடமிருந்து பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். இது அநியாயம், முதலில் அதைச் சொல்லிவிட்டேன். மற்றபடி நானும் அம்மாவும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பூமிகாவும் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நடந்ததைக் கேள். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது, அம்மா காப்பரிசி வைத்துக் கும்பிட்டாள், நான் வழக்கம்போல ஒரு குடம் புதுத்தண்ணீர் கொண்டுவந்து வயலுக்கும் பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் தெளித்தேன். நீ வாங்கித் தந்த காரில் கண்ணாடி கழுவும் தண்ணீருக்கென்றே தனித் தொட்டி இருக்கிறதே, அதில் வாய்வரை ஊற்றினேன். மறுநாள் வலங்கைமானில் இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கும் உன் பெரியம்மா கனகாவைப் பார்க்கக் கிளம்பினோம். ரோடு போடுகிற இடத்தில் புழுதி அப்பியது, தண்ணீரைப் பீய்ச்சினேன். செக்கச்செவேல் என்று இரண்டு தரம் வந்து அடைத்துக்கொண்டது, வைப்பர் அதைக் கண்ணாடி முழுக்க மெழுகிவிட்டது. ஓரங்கட்டினேன். நாற்றங்கால் தயார், விதையை எடுங்க என்று அம்மா ஒரே சிரிப்பு. துண்டால் துடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

வீடு திரும்பியதும் அம்மா அதை மதிவாணனிடம் சொன்னதுதான் வினை. எதிரே லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இனிமேல் பஸ்ஸில் போங்கப்பா என்று குதித்தான் உன் தம்பி. நெல்லை விளைய வைக்கிற வண்டல் தண்ணீர் பீய்ச்சுகிற ஒரு மோட்டாருக்கு ஆகாதாம்! ஊசிமுனை அளவு ஓட்டை வைத்தவன் தப்பு அது. ஆனாலும் மெக்கானிக் சாமிதுரையை வரவழைத்துத் தொட்டியைக் கழுவியாயிற்று. கண்ணாடிக்கென்று விற்கிற நீலத் தண்ணீரை வாங்கி, என்ஜின் தண்ணீர் மூடி எது, இந்த மூடி எது என்று காரோடு வந்த புத்தகத்தில் படம் பார்த்து நானே ஊற்றினேன். பன்னீர் தெளிப்பதுபோல் பீய்ச்சுகிறது. சோதித்துப் பார்க்க சாமிதுரைக்குச் சாவி கொடுத்த மதிவாணன், முடிந்ததும் வாங்கி மறுபடி பூட்டிவிட்டான். அம்மாவால் முழங்கால் வலியோடு பஸ் படி ஏற முடியவில்லை, பெரியம்மாவோ எப்போ வர்றே என்று தினமும் ஃபோனில் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிப்போகிறேன் என்கிறான் மதிவாணன், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். பூமிகாவைத் தமிழ் எழுதிப் பழகச் சொல். இனி ஆக வேண்டியது இது. நீ இன்றே தம்பியிடம் பேசு. மாப்பிள்ளை இதில் தலையிட வேண்டாம், அவர் மதிவாணன் கட்சி. தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. கண்ணாடி சுத்தமா என்று பார்ப்பது அம்மா பொறுப்பு, அவள் சரி சொன்ன பிறகே வண்டி நகரும். மதிவாணன் சாவியை என்னிடம் தர வேண்டாம், அம்மா கையில் தரட்டும். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று அவள் பெரியம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, வியாழக்கிழமைக்குள் தர வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
காயாரோகணம்