பைய வரச் சொன்ன தண்ணீர்

இன்று காலை ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்குள் இருக்கும்போதே அந்தச் சேற்று வாடை மூக்கில் ஏறியது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, மழையெல்லாம் மலையில். சீவலப்பேரிச் சனம் முழுக்கக் கரைக்கு ஓடியது. நான் போகவில்லை. போனால் உங்களைத் திட்டத் தோன்றும். புருஷனைப் பறிகொடுத்தவள் ஆற்றைப் பார்த்து அவனைத் திட்டிக்கொண்டு நின்றால் ஊர் என்ன சொல்லும்? அதனால்தான் எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து இதற்காவது உதவட்டும்.

ஆறு வற்றினால்தான் உங்களுக்குக் கொண்டாட்டம். நாங்கள் வயல்காரர்கள். பங்குனி பிறந்ததும் எங்கள் அண்ணன் வானத்தைப் பார்ப்பான், நீங்கள் ஆற்றைப் பார்ப்பீர்கள். ஓட்டம் மெலிந்து, ஆற்றுக் கசங்களில் மட்டும் தண்ணீர் தேங்கி, அதுவும் இடுப்பளவுக்கு இறங்கும்போது மீனெல்லாம் அந்தப் பள்ளங்களில் வந்து அடையும். வலையை வீசினால் கெண்டையும் கெளுத்தியும் துள்ளும். மலையில் ஒரு மழை பெய்தால் போச்சு, தண்ணீர் பரந்து மீன் கலைந்துவிடும்.

சாயங்கால ஜெபத்தில் நான் அண்ணன் வயலுக்காக மழை கேட்பேன். பக்கத்திலிருந்து உங்கள் முணுமுணுப்பு வரும்.

"ஆண்டவரே, இவ கேக்குத மழைய பைய அனுப்பும். அவசரமில்ல."

"ஜெபத்துல போயி வெளையாடுதீங்களே! வயலு காஞ்சா சோத்துக்கு எங்க போக?"

"ஏட்டி, மீன் இல்லாம வெறுஞ்சோத்த வச்சு என்ன செய்ய?"

எனக்குக் கோபம் வரும். கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கும்.

அந்த வருஷம் மழை பையத்தான் வந்தது. ஆனி பிறந்தும் ஆறு இறங்கிக்கொண்டே போனது. முதலில் மீனை அள்ளினீர்கள். பிறகு தண்ணீர் முழங்காலுக்கும் கீழே போய், வெயிலில் சுட்டு, பச்சையாகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மறுநாள் செத்து மிதந்தன. ஒருநாள் வலையை நனைக்காமலே திரும்பி வந்தீர்கள்.

"இந்தத் தண்ணி மீனுக்கும் ஆகாது, மனுசனுக்கும் ஆகாது, பாத்துக்க" என்றீர்கள். அன்றைய ஜெபத்தில் உங்கள் வாயாலேயே மழை கேட்டீர்கள். கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தத் தண்ணீரைத்தான் ஊரே குடித்தது. வாந்திபேதி வந்தது. ஒரு காலையில் உங்களையும் பிடித்தது. மத்தியானத்துக்குள் கண் குழிந்து, குரல் கம்மிப்போய், "தண்ணி தாட்டி, தண்ணி" என்று கேட்டீர்கள். உங்கள் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பேதிக்காரனுக்குத் தண்ணி குடுத்தா உயிரு போயிரும். குடுக்காத!"

ஊரும் அப்படித்தான் சொன்னது. முகம் துடைக்க நான் வைத்த ஈரத்துணியை நீங்கள் வாயில் இழுத்துச் சப்பினீர்கள். ஐயோ, அதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி சும்மா இருப்பாளா? அத்தையின் கையை உதறிவிட்டு ஆற்றுக்கு ஓடினேன். கசத்துத் தண்ணீரைத் தொடவில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை குத்தவைத்துக் காத்திருந்தேன். அவ்வளவு நேரமும் அழுகை வரவில்லை. சொட்டுச் சொட்டாக ஊறும் அந்த மணல்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செம்பை உங்கள் வாயில் வைத்தேன். மடமடவென்று குடித்தீர்கள். "இன்னும் கொஞ்சம்" என்றீர்கள். கொடுத்தேன். தலையை என் மடியில் சாய்த்துக் கண்ணை மூடினீர்கள். பொழுது சாயும்போது போய்விட்டீர்கள். உங்களை அடக்கம் செய்த மறுநாள் ஆறு கரைபுரண்டது.

அத்தை இன்றைக்கும் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. "எம் புள்ளயக் கொன்ன கை" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். கேட்டீர்கள், கொடுத்தேன். தாகத்தோடு உங்களை நான் அனுப்பவில்லை.