படத்தில் இருந்தபடி ஒயர்

15-9-1974, ஞாயிறு

வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் இரண்டு ஸ்பீக்கர் கிட்டுகளில் இதை வாங்கச் சொன்னதே, காலேஜில் பிசிக்ஸ் நடத்தும் நான்தான். மற்றதில் ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் சின்னதற்கும் பிரிக்கும் கிராஸோவரில் ஒரே ஒரு கண்டென்சர். இதில் கண்டென்சரோடு ஒரு கம்பிச்சுருளும் சேர்ந்திருந்தது. இந்த வகையில் சின்ன ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸை மாற்றி இணைத்தால்தான் இரண்டும் ஒத்து ஒலிக்கும். கிட்டோடு வந்த படத்திலும் அப்படியே இருந்தது. என் கணவர் அதை அச்சுப்பிழை என்று திருத்தி மாட்டினார்.

தடுத்தேன். "நீ காலேஜ் போர்டுல படம் போடு. ஒயர் வேலை எனக்குத் தெரியும்" என்றார்.

ஒரு வாரமாகப் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. இன்று காலை அவர் முடிவெட்டிக்கொள்ளப் போனபோது, ஒயரைப் படத்தில் உள்ளபடி மாற்றிவிட்டேன்.

மாலையில் ஆரம்பாக்கத்திலிருந்து அவருடைய ஃபேக்டரி நண்பர் வந்து பாட்டைக் கேட்டார்.

"இன்னா சார், பக்கத்துல குந்திக்கினு பாடறாப்ல கீது."

"கம்பெனிக்காரன் தப்பா போட்டிருந்தான். நான்தான் திருத்தினேன். செட்டாவ ஒரு வாரம் ஆச்சு."

நண்பர் என்னிடம், "குடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார். ஆமாம் என்று காபியை நீட்டினேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக் காலையே பழையபடி மாற்றி மாட்டிவிட்டு, இதுதான் சரி என்பார். எனக்கு அந்தப் பாட்டாவது மிஞ்சட்டும்.