கண்ணை மூடினால் தெரிந்த வெளிச்சம்

இன்று காலை கடையைத் திறந்ததும் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நோட்டீஸ் கொண்டுவந்தார். அரியலூரில் மூன்று நாள் தியான முகாம். ‘ஒளியைக் கண்டவர்களின் அனுபவமே ஆன்மாவுக்குச் சான்று’ என்று அச்சடித்திருந்தது. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஆட்கள் வந்து போவார்களாம், ஒட்டி வைத்தால் புண்ணியமாம். அவர் எதிரிலேயே கிழித்துக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். முதுகுவலி தாங்காமல், யாரோ சொன்னார்கள் என்று ஒரு தியான மையத்துக்குப் போனாய். வலி குறைந்தது. வீட்டில் நீ கத்துவதும் குறைந்தது என்று உன் மனைவியே சொன்னாள். அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. விடியற்காலையில் அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எவனுக்கும் மனசு அடங்கும். அதற்கு ஆன்மா வேண்டியதில்லை, ஒரு பாய் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தாய். முகமெல்லாம் பூரிப்பு.

“கண்ண மூடினா வெளிச்சம் தெரியுதுடா. குருஜிகிட்ட சொன்னேன். ஆத்மா தரிசனம் குடுக்குதுன்னாரு.”

“கரண்ட் பில் உனக்கு வருமா, அவருக்கு வருமா?” என்றேன். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அத்தோடு விட்டேனா? “நான் கூடத்தான் கனவுல பறக்கறேன். எனக்கு றெக்கை இருக்குன்னு அர்த்தமா? லப்பைக்குடிக்காட்டு பாய்க்குத் தொழுதா மனசு நெறையுது. எங்க மாமாவுக்கு வாலிகண்டபுரத்துச் சிவன் முன்னால நின்னா நெறையுது. உன் வெளிச்சம் யாரு பக்கம்டா சாட்சி சொல்லுது?”

“நீ கண்ணாடி விக்கிறவன். கண்ணுக்கு உள்ள இருக்கறது உனக்கு என்ன தெரியும்?” என்று எழுந்து போனாய். ஒன்றரை மாதம் நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பிறகு உன் மனைவிதான் போன் செய்தாள். “அண்ணே, வலது கண்ணுல பாதி திரை விழுந்தாப்ல இருக்குங்கிறாரு.”

திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு கேள்விதான் கேட்டார். ஓரத்தில் மின்னல் வெட்டியதா? கரும்புள்ளிகள் மிதந்தனவா? இரண்டுக்கும் தலையாட்டினாய். விழித்திரை கிழிந்து கழன்றிருந்தது. “வெளிச்சம் தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா லேசர்லயே முடிஞ்சிருக்கும்ங்க” என்றார். ஆபரேஷன் செய்தும் அந்தக் கண் திரும்பவில்லை. லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாய்.

நான் அந்த மையத்துக்குப் போய்க் கேட்டேன். குருஜி சிரித்த முகமாக, “புறக்கண் மூடினால்தான் அகக்கண் திறக்கும்” என்றார். அவர் போட்டிருந்தது என் கடையில் நான் வாங்கி வைக்கத் துணியாத விலை லென்ஸ். தன் புறக்கண்ணை அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

நீ மட்டும் கடைசிவரை காலையில் உட்காருவதை விடவில்லை. “இன்னுமாடா?” என்று ஒருமுறை கேட்டேன். “வெளிச்சம் பொய்தான். மனசு அடங்கறது பொய்யில்லையே” என்றாய். அடுத்த மாசியில் மாரடைப்பு வந்து போய்விட்டாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. டாக்டரம்மாவின் அந்த இரண்டு கேள்வியும் எனக்குத் தெரியும். என் தொழிலில் முதல் வருடமே சொல்லித்தருவார்கள். உன் கண்ணாடி பவர் மைனஸ் ஆறு, அப்படிப்பட்ட கிட்டப்பார்வைக் கண்ணுக்குத்தான் விழித்திரைக் கிழிசல் அதிகம் வரும் என்பதும் தெரியும். நீ வெளிச்சம் என்றாய். நான் ஆத்மா என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். குருஜியும் அதையேதான் பிடித்தார். அவர் கும்பிட்டார், நான் நக்கலடித்தேன். இருவரில் ஒருவரும் உன் கண்ணைப் பார்க்கவில்லை.

போன மாதம் அரும்பாவூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். கண்ணை மூடினால் சாமி ஜோதியாக வந்து நிற்கிறது என்றார். நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்தது. விழுங்கிவிட்டு, “எந்தக் கண்ணுலங்கம்மா?” என்று கேட்டேன்.