வளைவில் சோர்ந்த காற்று

ஜூன் 3, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் வரும் என்று நான் முன்னாலேயே சொன்னவன். தங்கை மகள் பிரிஜா ராஜஸ்தான் பக்கம் ஒரு செம்புச் சுரங்கத்தில் இன்ஜினியர். காற்றோட்டம் அவள் பொறுப்பு. மேலே ஃபேன் கரண்டைக் குடிக்கிறது, அடிமுனையில் நிற்பவர்களுக்குக் காற்று எட்டவில்லை. மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் சுரங்க வேலையிலிருந்து எடுத்து ஆபீஸில் உட்காரவைத்துவிடுவார்களாம். ராத்திரி ஃபோனில் அழாத குறை.

குலசேகரத்தில் முப்பது வருடமாக ரப்பர் ஷீட்டைக் காயவைக்கப் புகைபோடுகிறவன் நான். காற்றின் குணம் எனக்குத் தெரியாதா? காற்றும் மாடும் ஒன்று, திருப்பத்தில் முரண்டு பிடிக்கும். "வளைவைப் பாரு மக்கா, சக்தியெல்லாம் அங்கதான் போவுது" என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லாரிடமும் சொன்னேன். சுரங்கத்தின் ஆழம் ஒரு கிலோமீட்டர் என்றேன். பக்கத்து வீட்டு எட்சனிடம் சொல்லும்போது அது இரண்டானது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ராகேல் கேட்டாள்: "வளைவுன்னு எந்த ஃபோன்ல சொன்னிய? நானும் பக்கத்துலதானே இருந்தேன்."

ஷீட்டைப் பார்க்கணும் என்று எழுந்து போனேன்.

ஜூன் 17

பிரிஜாவிடமிருந்து ஃபோன் இல்லை. ஷீட் இரண்டு கருகிவிட்டது. என் கவனம் எங்கே?

ஜூன் 22, சனி

ஜெயித்துவிட்டாள். முட்டி மாதிரி மடங்கிய மூலையில் வளைந்த தகடுகளை நிறுத்தி, காற்று மோதாமல் திரும்ப வழி செய்திருக்கிறாள். காற்று ஒழுகிய கதவையும் அடைத்தாளாம். ஃபேன் அதே பழைய ஃபேன்தான். "அடியில நிக்கவங்களுக்கு வேர்வைச் சட்டை காஞ்சிட்டு மாமா" என்றாள். அவளைச் சுரங்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஜங்ஷனில் கண்டவனுக்கெல்லாம் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

பிரிஜா லீவில் வந்திருக்கிறாள். சாப்பாட்டுக்கு வந்த எட்சன் எல்லார் முன்னாலும் கேட்டான்: "மாமா சொல்லித்தான் வளைவைப் பாத்தியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பின்னே, மாமா இல்லாம எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி மீன்கறியை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். எங்கள் குடும்பத்துப் பிள்ளை. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் காற்றைத் திருப்பியவள்.

சரி, ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது.

அன்றைக்கு ஃபோனில் நான் சொன்னது, "பெரிய ஃபேனா ஒண்ணு வாங்கச் சொல்லு." வளைவு என்றது அவள். அதற்கு நான் கேட்டேன்: "சுரங்கத்துக்குள்ள வளைவெல்லாம் உண்டுமா மக்கா?"